முடிவு சொல்கிறவள்

திருவள்ளூர்
14-10-1973

அன்பு பூவம்மாளுக்கு,

உன் அத்தை மகன் ராஜவேலு எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், கொல்லையில் கட்டியிருக்கும் ஒற்றைக்கொம்பு எருமை எல்லோரும் சுகம். அங்கே மாமாவும் அத்தையும் நீயும் சுகமாக இருப்பதாகவே வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பொறுக்கவில்லை.

நேற்று மெட்ராஸில் நாடகம் பார்த்தேன்!

கூத்து இல்லை, நாடகம். கட்டியங்காரன் கிடையாது, விடிய விடிய ஆட்டம் கிடையாது. திரை விலகினால் ஒரு வீட்டின் கூடம் அப்படியே இருக்கிறது, நாற்காலி, காலண்டர், தண்ணீர்க் கூஜா சகிதம். காலேஜில் என்கூடப் படிக்கும் பாக்கியநாதன் அந்தச் சபாவில் டிக்கெட் கிழிக்கிறவன். அவன் தயவில் ஓரமாக நின்று பார்த்தேன். நாடகத்தின் பெயர் ‘மாடி காலி இல்லை’. வீட்டுக்காரர் கீழே, குடித்தனக்காரர் மாடியில். காலி பண்ணு என்கிறார் இவர், மாட்டேன் என்கிறார் அவர். அவ்வளவுதான் கதை. ஆனால் பூவு, சிரித்துச் சிரித்து எனக்கு இன்னும் விலா நோகிறது. ஓரத்தில் நின்றதால் இன்னொன்றும் தெரிந்தது. மாடிப்படி என்று காட்டுகிறார்களே, அது நாலே படிதான். ஏறிப் போகிறவர் தட்டிக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்! அதைக் கண்ணால் பார்த்த பிறகும் அவர் மாடியில் இருப்பதாகவே என் மனசு நம்பியது. இது என்ன மாயம், நீயே சொல்.

இப்போது என் கஷ்டத்தைக் கேள். கடைசிக் காட்சி. மாடி அறையைப் பூட்டப் போன வீட்டுக்காரர் தானே உள்ளே மாட்டிக்கொள்கிறார். சாவி ஜன்னல் வழியாக நழுவி, கீழே நிற்கும் குடித்தனக்காரர் காலடியில் விழுகிறது. அந்த நேரம் பார்த்து பாக்கியநாதன் என் தோளைத் தட்டி, “டேய், உன் வண்டி பூடும்டா” என்றான். திருவள்ளூருக்குக் கடைசி லோக்கலை விட்டால் சென்ட்ரல் பெஞ்சில்தான் படுக்க வேண்டும், அப்பா தோலை உரித்துவிடுவார். ஓடிவந்துவிட்டேன். முடிவு தெரியாமல் சோறு இறங்கவில்லை.

உங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் நான் பாதியிலேயே தூங்கிவிடுவேன். காலையில் நீ பல் விளக்கிக்கொண்டே மிச்சக் கதையைச் சொல்வாய். ஞாபகம் இருக்கிறதா? அதேபோல இப்போதும் சொல். அப்புறம் என்ன ஆயிற்று?

தபால்காரரை வழிமறிக்கத் தயாராக நிற்கும்
ராஜவேலு

*

கும்மிடிப்பூண்டி
22-10-1973

ராஜவேலு மாமாவுக்குப் பூவம்மாளின் வணக்கம்.

உங்கள் கடிதம் வந்த சாயங்காலம் எங்கள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. இந்த வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே. நைனா, அம்மா, பக்கத்து வீட்டுப் பச்சையம்மா அக்கா எல்லோரும் உட்கார்ந்துகொள்ள, நான் நின்று வாசித்தேன். மாடிப்படி நாலே படி என்றதும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னா ஏமாத்து வேல பாரு! டப்பு குட்த்துட்டு நாலு படி பாக்கவா போறாங்கோ?” என்றாள். நைனாவோ, “தண்டவாளமே ரெண்டு கம்பிதான். அதும்மேல டில்லி வரிக்கும் போறான் இல்ல?” என்றார். கேங்மேன் வேலை பார்க்கிறவர் அல்லவா, எந்தப் பேச்சையும் தண்டவாளத்தில் கொண்டுவந்துதான் நிறுத்துவார்.

முடிவு கேட்டீர்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர் முதலில் கத்துகிறார். யாரும் வரவில்லை. ஜன்னலை நன்றாகத் திறக்கிறார், காற்று வருகிறது. கீழே இருந்தவரைக்கும் பால்காரன், மனைவி, மச்சான் என்று ஆளுக்கு ஒரு பக்கம் பிடுங்கி எடுத்தார்கள். இங்கே ஒருத்தரும் இல்லை. குடித்தனக்காரரின் பாயை விரித்து நிம்மதியாகத் தூங்குகிறார். காலையில் குடித்தனக்காரர் மனசு இளகி, சாவியோடு வந்து கதவைத் தட்டுகிறார். உள்ளேயிருந்து குரல் வருகிறது: “மாடி காலி இல்லை!” திரை.

சரியா, தப்பா?

உங்கள் அப்பா என் கடிதங்களைக் கோர்ட்டு வேலையில் வாதி பிரதிவாதி பேர் கூப்பிடுகிற அதே குரலில் வாசிப்பாராமே. தெருமுனை டீக்கடைக்குக் கேட்குமாம், அத்தை சொல்லியனுப்பினார்கள். அதனால் நான் பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. இந்த வரியை வாசிக்கும் பெரியவருக்கு என் நமஸ்காரம்.

லைனுக்கு மேற்கே முள்காட்டை வெட்டித் தரையை மட்டம் பண்ணுகிறார்கள். கம்பெனிகள் வரப்போகின்றனவாம். எனக்கு ஒரு நாள் நாடகம் பார்க்க வேண்டும். முடிவு வரைக்கும்.

இப்படிக்கு
பூவம்மாள்

*

திருவள்ளூர்
3-2-1974

அன்பு பூவுக்கு,

இரண்டு நாளாக எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மா மந்திரிக்க ஆள் தேடுகிறாள். காரணம் நாடகம்தான்.

அதற்கு முன்னால் ஒன்று. ‘மாடி காலி இல்லை’யின் நிஜ முடிவை பாக்கியநாதனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வீட்டுக்காரர் மகளுக்கும் குடித்தனக்காரர் மகனுக்கும் கல்யாணமாம், எல்லோரும் வரிசையாக நின்று கும்பிடு போட்டார்களாம். தூ! உன் முடிவைச் சொன்னேன். பெஞ்சிலிருந்து விழுந்து சிரித்தான். சிரித்தவன் சும்மா இருக்காமல் நாடகக் கம்பெனி செக்ரடரியிடமே போய்ச் சொல்லியிருக்கிறான். “யாருய்யா அந்தப் பொண்ணு?” என்று கேட்டாராம். எனக்குச் சட்டைப் பொத்தான் தெறிக்கிற அளவுக்குப் பெருமை.

இப்போது இந்த நாடகம். ‘வெளியே யார்’ என்று பெயர். திரை விலகினால் மேடை நடுவில் ஒரு கதவு. சுவர் இல்லை பூவு, கதவு மட்டும்! இந்தப் பக்கம் வீட்டுக்குள் பெண், அந்தப் பக்கம் தெரு. இரண்டும் நமக்குத் தெரியும், அவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது. புருஷன் யுத்த காலத்தில் பர்மாவில் தொலைந்தவன். செத்துவிட்டான் என்று ஊரே சொல்கிறது. இவள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு நாள் தெருப்பக்கம் ஒருத்தன் தாடியும் மூட்டையுமாக வந்து நிற்கிறான். தட்டுகிறான். இவள் எழுந்திருக்கிறாள். “யாரு?” என்கிறாள். அவன் மறுபடியும் தட்டக் கையைத் தூக்குகிறான். ஹாலில் ஓர் இருமல் கூட இல்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

தோளில் தட்டு. பாவி பாக்கியநாதன். ஓடினேன். வண்டியில் கரித்தூள் கண்ணில் விழுந்தது என்று சாக்குச் சொல்லி, ஆவடி வரைக்கும் அழுதேன்.

கதவைத் திறந்தாளா? உடனே எழுது. கோடை விடுமுறை கழிந்ததும் உன்னை ஒரு நாடகத்துக்கு அழைத்துப் போகிறேன். சத்தியம். நீயும் நானும் முதல் வரிசையில் உட்கார்ந்து, திரை விழுகிற வரைக்கும் பார்ப்போம்.

ராஜவேலு

*

கும்மிடிப்பூண்டி
11-2-1974

ராஜவேலு மாமாவுக்கு,

பூவம்மாள் எழுதிக்கொண்டது. எல்லோரும் சௌக்கியம். நைனாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது.

கதவைத் திறக்க மாட்டாள். உடனே திறக்க மாட்டாள். தட்டின தினுசிலேயே யாரென்று தெரிந்துவிட்டது அவளுக்கு. சீப்பை எடுத்துக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தலை வாருகிறாள். சிக்கு எடுக்கிறாள், பின்னல் போடுகிறாள், பொட்டு வைக்கிறாள். அந்தப் பக்கம் அவன் மறுபடியும் தட்டுகிறான். “இவ்ளோ நாளு வெளிய இருந்த மனுசன், நான் தல வாரி முடிக்கிற வரிக்கும் இருக்க மாட்டியா?” என்கிறாள். அவன் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் உட்காருகிறான். இரண்டு பேர் முதுகுக்கும் நடுவில் கதவு. அப்படியே திரை விழ வேண்டும்.

இதை வாசித்ததும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பச்சையம்மா அக்கா, “தொறந்து தொலையேன்டி!” என்று என்னைத் திட்டினாள், ஏதோ நான்தான் உள்ளே இருக்கிற மாதிரி.

சத்தியம் பண்ணியிருக்கிறீர்கள். “கண்ணாலம் ஆவாத பொண்ண எப்டி அனுப்பறது?” என்றாள் அம்மா. நைனா சிரித்துக்கொண்டார்.

புதுக் கம்பெனியில் இரும்பு உருக்கும் வேலை தொடங்கப்போகிறார்கள். அம்மா வழியில் தூரத்துச் சொந்தம், சுப்பராயன் என்று ஒருவர், அங்கே ஃபிட்டராகச் சேர்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மோர் குடித்துவிட்டுப் போகிறார். அதிகம் பேசுவதில்லை. போன வாரம் எங்கள் கிணற்று உருளையைக் கழற்றி எண்ணெய் போட்டுக் கொடுத்தார். இப்போது சத்தமே இல்லாமல் சுற்றுகிறது.

பூவம்மாள்

*

திருவள்ளூர்
23-6-1974

அன்பு பூவு,

உன் கதவு முடிவை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நிஜ நாடகத்தில் கதவைத் திறந்து, கட்டிப்பிடித்து, ஒரு பாட்டும் பாடினார்களாம். யாருக்கு வேண்டும் அந்தப் பாட்டு!

பரீட்சை, வெயில், ஊரெல்லாம் அம்மை என்று இத்தனை நாள் நாடகம் இல்லாமல் காய்ந்து கிடந்தேன். நேற்றுதான் மழை. நாடகத்தின் பெயர் ‘தாம்பாளம்’. கேட்டால் ஆச்சரியப்படுவாய், நம்ம பக்கத்து வழக்கம்தான் கதை! பட்டணத்தில் படிக்கிற ஒருத்தன், ஊரில் அவன் மாமன் மகள். அவளுக்கு வேறு இடத்தில் வரன் வருகிறது. முறைப்பையன் இருக்கும்போது வெளியே கொடுப்பதென்றால் பெண்ணைப் பெற்றவர் முதலில் அக்கா வீட்டுக்கு வெற்றிலைத் தட்டோடு போய், “உரிமைய உட்டுக் குடுக்கறீங்களா?” என்று கேட்க வேண்டும் அல்லவா? வெற்றிலையை எடுத்துக்கொண்டால் விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். மாமனாக நடித்தவர் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறார் பார், தட்டில் பாக்கு உருளுகிற சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிறது. பெண் தூணுக்குப் பின்னால். பையன் வாயைத் திறக்கப் போகிறான்.

தோளில் தட்டு! எனக்கென்றே இந்த ரயில்வேக்காரர்கள் டைம் டேபிள் போடுகிறார்கள்.

சொல் பூவு. என்ன சொன்னான்? வழக்கம்போல எனக்கு நீதான் கதி.

ராஜவேலு
(சுப்பராயன் உருளைக்கு மட்டும்தான் எண்ணெய் போடுகிறாரா, அத்தைக்குமா?)

*

கும்மிடிப்பூண்டி
2-7-1974

ராஜவேலு மாமாவுக்கு,

முதலில் அம்மா சொல்லச் சொன்னது. ஆடி மூன்றாம் ஞாயிறு எல்லோரும் பெரியபாளையம் வருகிறோம். எனக்கு அம்மை போட்டிருந்தபோது அம்மா வேண்டிக்கொண்டபடி வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்ற வேண்டும். நீங்களும் அத்தையும் உங்கள் அப்பாவும் அவசியம் வர வேண்டும். நைனாவுக்கு உங்கள் அப்பாவிடம் பேச வேண்டிய விஷயம் இருக்கிறது. நீங்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நைனா தன் வாயால் சொன்னார்.

இனி நாடகம். ராத்திரி பகலாக யோசித்துப் பார்த்தேன். என்னால் முடிக்க முடியவில்லை. இந்தத் தடவை நீங்கள்தான் முடித்துக் கொடுக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவர் தட்டோடு நிற்கிறார். அவள் தூணுக்குப் பின்னால் நிற்கிறாள். அவளாகப் பேச வழியில்லை, சுற்றிலும் பெரியவர்கள். அவன் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? நன்றாக யோசித்து எழுதுங்கள். அவள் அதற்காகத்தான் நின்றுகொண்டிருக்கிறாள்.

பூவம்மாள்

*

திருவள்ளூர்
9-7-1974

அன்பு பூவு,

என்னையே முடிக்கச் சொல்லிவிட்டாய்! முடிவு ராணி எனக்குப் பேனாவைக் கொடுத்துவிட்டாள் என்று பாக்கியநாதனிடம் பீற்றிக்கொண்டேன். இரண்டு நாள் மண்டையை உடைத்து யோசித்து எழுதுகிறேன், கேள்.

அவன் பேசவே கூடாது. ஒரு வார்த்தை கூட. இத்தனை நாடகம் பார்த்து நான் கற்றுக்கொண்டது இதுதான். மட்டமான நாடகம் என்றால் அவன் கத்துவான், மார்பில் அடித்துக்கொள்வான், பாட்டு வரும். உசத்தியான நாடகம் என்றால் அமைதி. அவன் நிதானமாக வந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு மட்டும். விளக்கு மெதுவாக அணைய வேண்டும். ஹாலே மூக்கைச் சிந்தும். அவளை விட்டுக்கொடுப்பதுதான் இந்தக் கதைக்கு அழகு. எப்படி?

பெரியபாளையம் வரப் பார்க்கிறேன். ஆனால் அந்த ஞாயிறு ‘தாம்பாளம்’ பகல் காட்சியாகப் போடுகிறார்கள் என்று ஒரு பேச்சு. பகல் காட்சி! வண்டிக்கு ஓட வேண்டாம்! வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முடிவைப் பார்த்துவிடுவேன். மாமா அப்பாவிடம் பேசுகிற விஷயத்துக்கு நான் எதற்கு? நிலத்துச் சமாசாரமாகத்தான் இருக்கும்.

ராஜவேலு

*

கும்மிடிப்பூண்டி
20-7-1974

ராஜவேலு மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் முடிவை வாசித்தேன். அவளும் அதன்படியே சிரித்துக்கொள்வாள்.

கோயிலுக்கு வர முடிந்தால் வாருங்கள்.

பூவம்மாள்

*

சென்ட்ரல் ஸ்டேஷன்
4-8-1974

அன்பு பூவு,

பார்த்துவிட்டேன்! முடிவைப் பார்த்துவிட்டேன்! வண்டிக்கு நேரம் இருக்கிறது, பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து சூடாறுவதற்குள் எழுதுகிறேன். கோயிலுக்கு வராததற்கு அத்தையிடம் நீதான் சமாதானம் சொல்ல வேண்டும்.

மாமன் தட்டோடு நின்றாரா, அந்தப் பையன் நேரே வந்து தாம்பாளத்தைத் தட்டிவிட்டான்! வெற்றிலை மேடையெல்லாம் பறந்தது. “உரிமைய விட்டுக்கொடுக்க நான் என்ன செத்தா போய்ட்டேன்?” என்று ஒரு கத்துக் கத்தினான். ஹால் இடிந்து விழுகிற மாதிரி கைத்தட்டல். பக்கத்தில் ஒரு பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். எனக்குப் பிடிக்கவில்லை பூவு. சினிமாத்தனம். நம்முடைய முடிவு எவ்வளவு உசத்தி! நீயே ஒத்துக்கொண்டாயே.

வண்டி வந்துவிட்டது, மிச்சம் வீட்டில்.

திருவள்ளூர், அன்று இரவு

பூவு, எப்படித் தொடருவது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்தேன். அம்மா கோயில் குங்குமத்தை என் நெற்றியில் வைத்தாள். மாடத்தில் வெற்றிலை இருந்தது. ஏது என்று கேட்டேன்.

“உன் மாமன் தட்டோட வந்து நின்னான்டா. உன்ன கேட்டுக்கினு சொல்றோம்னு உங்கப்பாரு சொன்னாரு. பூவுதான், அதுக்கு அவசியம் இல்ல, அவுரு மனசு எனக்குத் தெரியும், எழுதிட்டாருன்னிச்சு. அப்பறம்தான் எடுத்தோம்” என்றாள்.

நான் என்ன எழுதினேன்? நான் நாடகத்துக்கு எழுதினேன், பூவு! அட்டை மாடிப்படிக்கும் சாயம் பூசின தூணுக்கும் எழுதினேன். நீ அந்தத் தூணுக்குப் பின்னால் நிற்கிறாய் என்று எனக்குத் தெரியாதே. தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் நீ எழுதித்தான் இருந்தாய், நான்தான் கைத்தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உசத்தி மட்டம் எல்லாம் இருக்கட்டும். எனக்கு நீ வேண்டும். ஒவ்வொரு நாடகத்திலும் நான் பாதியில் ஓடிவந்ததற்கு வண்டி மட்டும் காரணம் இல்லை. வந்தால் உனக்கு எழுதலாம், நீ பதில் எழுதுவாய். அந்த ஆசைதான். இது இன்றைக்குத்தான் எனக்கே புரிகிறது. அப்பாவிடம் கேட்டேன். “வாக்கு குட்த்தாச்சு, பொண்ணே சம்மதிச்ச அப்பறம் நீ இன்னா பேசற?” என்கிறார். நீ சொன்னால் நடக்கும். இந்தக் கடிதத்தை வாசலில் எல்லோரும் கேட்கும்படி சத்தமாக வாசி. மாமா கேட்கட்டும், அத்தை கேட்கட்டும். நான் தாம்பாளத்தைத் தட்டிவிடுகிறேன்.

உன்
ராஜவேலு

*

கும்மிடிப்பூண்டி
12-8-1974

மாமாவுக்கு,

இதை உங்கள் காலேஜ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். உங்கள் அப்பாவின் குரலுக்குத் தப்பி எழுதும் முதல் கடிதம். பச்சையம்மா அக்கா தபால் பெட்டியில் போடுவாள்.

நீங்கள் சொன்னபடி வாசலில் வாசித்தேன். அன்றைக்குச் சுப்பராயனின் அம்மாவும் வந்திருந்தார்கள். வெற்றிலை பறந்ததும் நைனா கை தட்டினார். இரவு எழுதியதாக நீங்கள் போட்டிருக்கிற இடம் வந்தது. என் கண் அடுத்த வரிகளுக்கு ஓடியது, வாய் நின்றுவிட்டது. “இன்னாடி, மேல படி” என்றாள் அக்கா. கடிதத்தைப் பார்த்துக்கொண்டே வேறு நாடகம் சொன்னேன். ஆற்றில் வெள்ளம், அக்கரையில் ஒருத்தன், இக்கரையில் ஒருத்தி. தண்ணீர் வடிகிற வரைக்கும் அவன் கரையில் உட்கார்ந்து அலையை வேடிக்கை பார்த்தான். வடிந்து வந்து சேர்ந்தபோது அவள் கல்யாணப் பந்தியில் அவனுக்கும் ஓர் இலை போட்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருந்தது என்று சொல்லிப் போனான். இப்படி முடித்தேன். “நல்லாத்தான் கீது” என்றாள் அக்கா. நைனா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் பஸ் நிற்கிற பக்கம் பார்த்தேன். ஈரத்தில் வேப்பிலை உடம்பெல்லாம் அரித்தது. நீங்கள் வந்துவிட்டால் போதும், எழுதியதெல்லாம் விளையாட்டு என்று வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். கடைசிச் சுற்று முடிந்ததும் நைனாவிடம் நானே போய்த் தட்டை எடுக்கச் சொன்னேன்.

ஒன்று கேட்கிறேன். என் கடிதங்களை உங்கள் அப்பா ஊருக்கே வாசித்தார், நான் ஒளித்து எழுத வேண்டியிருந்தது. உங்கள் கடிதங்களை வாசிக்கிறவள் நான் ஒருத்திதானே? ஒரு வரி, எனக்கென்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் நான் அதைத் தாண்டிப் படித்திருப்பேன். ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. ஒவ்வொரு கடிதத்திலும் அந்த வரியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று தேடினேன். நாடகம்தான் இருந்தது.

இப்போது வந்துவிட்டது. ஆனால் நைனா தன் அக்கா வீட்டில் கேட்டு, அவர்கள் எடுத்த வெற்றிலை. அதைத் திருப்பினால் அவர் இரண்டு வீட்டிலும் தலை நிமிர முடியாது. சுப்பராயன் ஒரு பாவமும் அறியாதவர். ஆவணியில் கல்யாணம். நீங்கள் வர வேண்டாம். வந்தால் நான் பஸ் பக்கம் பார்த்துவிடுவேன்.

பூவு

*

மெட்ராஸ்
21-9-1975

பூவம்மாளுக்கும் சுப்பராயன் அவர்களுக்கும் ராஜவேலுவின் நமஸ்காரங்கள்.

எனக்கு இங்கே துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்ததும், பெரம்பூரில் அறை எடுத்திருப்பதும் முந்தைய கடிதங்களில் எழுதியிருந்தேன். பதில் இல்லாததைக் குற்றமாகச் சொல்லவில்லை. குடித்தனம் என்றால் வேலை இருக்கும்.

இப்போது எனக்குக் கடைசி வண்டி என்று ஒன்று கிடையாது. நடந்தே அறைக்குப் போய்விடலாம். எல்லா நாடகங்களையும் திரை விழுகிற வரைக்கும் பார்க்கிறேன். முடிவுகள் எல்லாம் சுமார்தான். கும்பிடு போடுகிறார்கள், விளக்கைப் போடுகிறார்கள், செருப்பைத் தேடிக்கொண்டு எல்லோரும் கிளம்புகிறோம்.

நேற்று ஒரு நாடகம். மழைக்காக ஒரு பெட்டிக்கடை ஓரத்தில் ஒதுங்கிய ஒருத்தனும் ஒருத்தியும். முன்பின் தெரியாதவர்கள். என்னென்னவோ பேசுகிறார்கள், நெருங்கிவிடுகிறார்கள். மழை விடப்போகிறது. யார் முதலில் கிளம்புவது? அந்த இடத்தில் நான் எழுந்து வந்துவிட்டேன். யாரும் தோளைத் தட்டவில்லை, எந்த வண்டியும் இல்லை. வேண்டுமென்றே வந்தேன்.

அப்புறம் என்ன ஆயிற்று, சொல்வாயா?

ராஜவேலு

*

கும்மிடிப்பூண்டி
20-10-1975

ராஜவேலு அவர்களுக்கு,

பூவம்மாள் எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். எனக்கு ஏழாம் மாதம். நைனா வேலையிலிருந்து ஓய்வு பெற்று அம்மாவோடு எங்களிடம்தான் இருக்கிறார்.

உங்களுக்கு ஒரு சேதி. நான் நாடகம் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனித் தொழிலாளர்களே போட்டார்கள். ஷெட்டுக்குள் மேடை, உலைப் பக்கத்துச் சூடு இன்னும் ஆறவில்லை, மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்திருந்தது. இவருக்குத்தான் விளக்கு போடுகிற பொறுப்பு. திரை விலகியதும் மேடை நடுவில் ஒரு வீட்டின் கூடம் இருந்தது. நாற்காலி, காலண்டர், தண்ணீர்க் கூஜா. நீங்கள் முதலில் எழுதியது அப்படியே. மாடிப்படி இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பார்ப்பார்களே என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

இடுப்பு வலி கண்டதால் கடைசிக் காட்சிக்கு முன்னால் நைனாவோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் எழுந்து பல் விளக்கிக்கொண்டிருந்தேன். இவர் கிணற்றடிக்கு வந்து, தானாகவே மிச்சக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அதிகம் பேசாத மனுஷர், யார் எங்கே நின்றார்கள், எந்த விளக்கை எப்போது அணைத்தார் என்று ஒன்று விடாமல் சொன்னார். நான் கேட்டுக்கொண்டே நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. நாடகம் அவ்வளவு நன்றாக இருந்ததா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மழைக்கு ஒதுங்கியவர்களில் யார் முதலில் கிளம்பினார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் யோசிப்பதற்குள் இவர் சொல்லிவிட்டார்: “யாரு பஸ்ஸு மொதல்ல வர்தோ அவுங்கதான்.” எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

உங்கள் கடிதங்களை இங்கேயும் வாசலில் உட்கார்ந்துதான் கேட்கிறார்கள். இவரும் நைனாவும் இருப்பார்கள். சத்தமாக, எல்லா வரியையும் வாசிக்கிறேன். தாண்டிப் படிக்கும்படி எதுவும் எழுதாதீர்கள்.

பூவம்மாள்